எதிரே வரும் ஊதா

மார்ச் 4, செவ்வாய்

டாக்டர் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். கருவியில்தான் கோளாறு என்று நினைத்து அதைத் தட்டினார். திரும்பப் பார்த்தார். பிறகு கருவியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன வேலை பண்றீங்க?"

"டிரைவிங் ஸ்கூல்ல வண்டி ஓட்டச் சொல்லித் தர்றேன்."

"அப்போ நாள் முழுக்க உக்காந்தே இருக்கற வேலை."

உட்கார்ந்தே இருக்கிற வேலையாம்! ஸ்டியரிங்கை முதன்முதலாகத் தொடுகிற ஆளுக்குப் பக்கத்து சீட்டில் அவர் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். என் காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கிறது. அதை மிதித்து மிதித்தே என் ஒரு கால் மட்டும் பயில்வான் ஆகிவிட்டது. மீதி உடம்பு மாவு மூட்டை. இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னொரு மாத்திரை கூடியிருக்கும்.

"தினமும் காலையில நடங்க. போன் பேசிக்கிட்டு இல்ல. மனசுக்குள்ள யாரையாவது திட்டிக்கிட்டு இல்ல. நடக்கறத மட்டும் கவனிச்சு நடங்க."

போன் சரி. திட்டுவது அவருக்கு எப்படித் தெரிந்தது? என் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எந்தக் கட்டடத்திலும் படி ஏற மாட்டார், கொள்கை. "எல்லாரும் நடக்க ஆரம்பிச்சா என் பொழப்பு என்ன ஆவறது?" என்றவர், கொஞ்சம் யோசித்து, "ஆனா நீ நட. உன் கோபத்துக்கு நல்லது" என்றார்.

எனக்குக் கோபம் வருகிறது என்று யார் சொன்னது? இதைத்தான் கேட்டேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததாக அவர் சொல்வது சுத்தப் பொய்.


மார்ச் 6, வியாழன்

நடப்பதற்கென்று ஷூ வாங்கினேன். பார்த்தால் இரண்டு படகு. கடைப் பெண், "மேகத்து மேல நடக்கற மாதிரி இருக்கும் மேடம்" என்றாள். மேகத்தின் மேல் நடக்கிறவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தவர்கள் இல்லையோ?


மார்ச் 9, ஞாயிறு

ஷூ வாங்கியதோடு சரி. அட்டைப் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போன் செய்தாள். அப்பா போட்டுக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. "அம்மா, நீ சும்மா கால வீசிப் போட்டு நடக்கக் கூடாது. கவனத்தோட நடக்கணும். ஒரு ஆடியோ அனுப்பறேன், காதுல மாட்டிக்கோ." பெற்ற பிள்ளை எனக்கு நடக்கச் சொல்லித்தருகிறது. இவளுக்கு நடை பழக்கியது நான்தான் என்று ஞாபகப்படுத்தினேன். "அப்போ நீ என்னைப் பின்னாடியே துரத்திக்கிட்டு வந்தே. அது பேரு பழக்கறது இல்லம்மா" என்றாள்.

ஆடியோவைக் கேட்டேன். ஓர் ஆண் குரல். பஞ்சை நனைத்துப் பிழிந்த மாதிரி. "உங்கள் குதிகால்... பூமியைத்... தொடுகிறது..." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு தூக்கம் போடலாம். இவரை என் வண்டியில் உட்காரவைத்து, எதிரே தண்ணீர் லாரி வரும்போது இதே குரலில் "பிரேக்... மெதுவாக... அழுத்துங்கள்..." என்று சொல்லச் சொல்ல வேண்டும்.


மார்ச் 10, திங்கள்

போனேன். நிஜமாகவே போனேன்.

ஏரியைச் சுற்றிப் பூங்காக்காரர்கள் போட்ட நடைபாதை. விடிந்தும் விடியாத நேரம். பஞ்சுக்குரலார் காதுக்குள் ஆரம்பித்தார். குதிகால். பாதம். விரல். மூச்சு. சரி, ஒரு நாளைக்கு இந்த ஆள் சொல்கிறபடி கேட்டுத்தான் பார்ப்போமே என்று நானும் அடி மேல் அடி வைத்தேன்.

"உங்களுக்கு ஓர் எண்ணம் வரலாம்... வரட்டும்... வந்துவிட்டுப் போகட்டும்..."

வந்தது. ஊதா நிறத்தில் டிராக் சூட் போட்டுக்கொண்டு எதிரே வந்தது.

என் நாத்தனார்! வீட்டுக்காரரின் ஒரே தங்கை. அடுத்த தெருவில் பேக்கரி வைத்திருக்கிறாள். நாங்கள் பேசி மூன்று வருடம் ஆகிறது. உலகத்தில் இத்தனை பாதைகள் இருக்கும்போது இந்த ஏரி ஒன்றுதான் இவளுக்கும் கிடைத்ததா?

அவளும் பார்த்துவிட்டாள். உடனே தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாள். நான் ஏரியைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒருவர் காற்று ஒருவர் மேல் படாமல் கடந்தோம். அப்பாடா என்று மூச்சு விட்டேன். பாதை வட்டம் என்பது அப்போது உறைக்கவில்லை. பாதிச் சுற்று முடியும்போது மறுபடி ஊதா!

ரத்த அழுத்தம் குறைய வந்தேனா, கூட வந்தேனா?


மார்ச் 11, செவ்வாய்

சண்டை என்ன என்று எழுதிவைக்கிறேன். பின்னால் எனக்கே மறந்துபோய், தப்பித் தவறிச் சமாதானம் ஆகிவிடக் கூடாது.

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அவள்தான் கேக் செய்து எடுத்துவந்தாள். மூன்று அடுக்கு. உறவுக்காரர்கள் எல்லாம் கூடி நிற்க, மூடியைத் திறந்தாள். வெள்ளை ஐசிங்கின் மேல் அழகான சிவப்பு எழுத்தில்: "எங்கள் அண்ணனின் பொறுமைக்கு இருபத்தைந்து வயது."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். அதுதான் பெரிய குற்றம். ஆனால் புருஷனோடு பேசாமல் இருந்தால் மளிகைச் சாமான் யார் வாங்கிவருவது? அதனால் நாத்தனாரோடு நிறுத்திக்கொண்டேன். நான் கத்தியை எடுத்து "பொறுமை"யை மட்டும் வெட்டி, அவள் தட்டில் வைத்து, "உனக்குத்தான் இது தேவைப்படும், சாப்பிடு" என்றேன். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனாள்.

இருவரில் யார் முதலில் பேசுவது என்பதில்தான் இப்போது சண்டையே. எனக்கு அவசரம் இல்லை.


மார்ச் 14, வெள்ளி

ராஜதந்திரம் ஒன்று செய்தேன். எதிரெதிரே போவதால்தானே முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது? இன்று திசையை மாற்றி அவள் போகிற பக்கமே போனேன். அவள் முன்னால் போவாள், நான் பின்னால்; சந்திப்பே இல்லை.

நடந்தது என்ன? அவளும் அதே யோசனையோடு திசையை மாற்றிக்கொண்டு எதிரே வந்தாள்.

இரண்டு பேரும் ஒரு கணம் நின்றேவிட்டோம். அவள் வாய் ஓரம் துடித்தது. சிரிப்பா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். என் வாயும் துடித்தது; அது வெயில்.


மார்ச் 17, திங்கள்

போகவில்லை. போனேன், ஆனால் நடக்கவில்லை. காரை ஏரிக்கரையில் நிறுத்தி, சீட்டைச் சாய்த்து, பஞ்சுக்குரலாரைக் கேட்டுக்கொண்டே தூங்கினேன். அந்த மனிதருக்கு அந்தத் திறமை நிறையவே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து, "அப்பப்பா, என்ன நடை!" என்று வியர்வை துடைத்தேன். அவர் என் ஷூவைத் தூக்கித் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார். நேற்று கழுவிவைத்தது, ஒரு மண் துகள்கூட ஒட்டாமல் பளபளவென்று இருந்தது.

"மேகத்து மேலதான் நடந்தியா?"

இந்த வீட்டில் தனக்கென்று ஒரு ரகசியம் வைத்துக்கொள்ள முடிகிறதா!


மார்ச் 20, வியாழன்

போன் பாதி வழியில் செத்துவிட்டது. சார்ஜ் போட மறந்திருக்கிறேன். பஞ்சுக்குரல் "உங்கள் மூச்..." என்று நின்றுபோனது.

திடீரென்று எவ்வளவு சத்தம்! என் ஷூவுக்கு அடியில் சரளைக்கல் நொறுங்குகிற சத்தம். வலது கால் அழுத்தி விழுகிறது, இடது கால் நழுவி விழுகிறது. பிரேக் மிதித்த கால் தரையையும் பிரேக் என்றே நினைக்கிறது. கொஞ்சம் சமமாக வைத்துப் பார்த்தேன். வைக்க முடிந்தது. ஏரிக்கு நடுவில் ஏதோ ஒரு பறவை தலைகீழாக முங்கி, எங்கே போனது என்று நான் தேடும்போது வேறெங்கோ எழுந்தது. எனக்கு மூச்சு வாங்கவில்லை. யாரையும் திட்டவில்லை. இதை ஒரு சுற்று முடிந்த பிறகுதான் கவனித்தேன்.

ஊதா கடந்து போனாள். நான் ஏரியைப் பார்க்க மறந்துவிட்டேன். அவளைத்தான் பார்த்தேன்.


மார்ச் 28, வெள்ளி

காரில் தூங்கிய அந்த நாளைத் தவிர ஒரு நாளும் விடவில்லை என்று என் முதுகை நானே தட்டிக்கொள்கிறேன். டாக்டருக்காகப் போகிறேனா, நான் தோற்றுவிட்டதாக ஊதா நினைத்துவிடக் கூடாது என்று போகிறேனா – அது எனக்கும் ஏரிக்கும் மட்டும் தெரிந்தது.

காலையில் தேநீர் குடிக்கும்போது வீட்டுக்காரருக்கு அவர் தங்கையின் நடையை நடித்துக் காட்டினேன். இந்த விஷயத்தில் எனக்கு ஈடு யாரும் இல்லை. வண்டி ஓட்ட வருகிறவர்களின் கை கால்களையே பார்த்துப் பார்த்து, எந்த உடம்பையும் எனக்கு மாட்டிக்கொள்ளத் தெரியும். தலையை நிமிர்த்தினேன், உதட்டைக் குவித்தேன், கூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஊதா நடை போட்டேன். அவருக்குப் புரையேறிவிட்டது. "ஐயோ, அப்படியே இருக்கு! இன்னொரு தடவை!"

இன்னொரு தடவை நடந்தேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"வலது கையை ஏன் அப்படி வெச்சிருக்கே?"

"எப்படி?"

"இடது கை ஆடுது. வலது கை ஒட்டவெச்ச மாதிரி இருக்கு."

"அவ அப்படித்தான் நடக்கறா" என்றேன்.

சொன்ன பிறகு கூடத்தின் நடுவில் அப்படியே நின்றேன், அவளுடைய கையோடு.

ஏன் அப்படி நடக்கிறாள்?


மார்ச் 29, சனி

உற்றுப் பார்த்தேன். முதல் முறை கடக்கும்போது: இடது கை வீசுகிறது, வலது கை முழங்கையில் லேசாக மடங்கி, இடுப்போடு அசையாமல் வருகிறது. இரண்டாவது முறை: வலது கால் தரையை உரசுகிறது. ஒரு மெல்லிய "சர்" சத்தம். மூன்றாவது முறை அவள் வானத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்து முறைத்தாள். நான் அவளை ஏற இறங்கப் பார்த்தால் அவள் என்ன நினைப்பாள்?

கியர் போட்டுப் போட்டுக் கை பிடித்துக்கொண்ட ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பயத்தில் விறைத்த கைகளையும் பார்த்திருக்கிறேன். இது இரண்டும் இல்லை. இந்தக் கை பயப்படவில்லை. இந்தக் கை மறந்துபோயிருக்கிறது.

இதை அவளிடம் நான் எப்படிச் சொல்வது? முதலில் பேசியவர் தோற்றவர் இல்லையா?


ஏப்ரல் 1, செவ்வாய்

தூது அனுப்பினேன். "உங்க தங்கச்சிகிட்ட போய், கையை டாக்டர்கிட்ட காட்டுன்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

போனார். ஒரு பை நிறைய பன்னோடு வந்தார்.

"சொன்னீங்களா?"

"கடையில ஒரே கூட்டம்."

"இல்ல, சொன்னீங்களா?"

"சூடா இருக்கு, ஒண்ணு சாப்பிடறியா?"

பன்னின் அடிப்பக்கம் கருகியிருந்தது. அவள் கடையில் கருகல் வந்து நான் பார்த்ததே இல்லை. சண்டைக்கு முன்னால் அவள் அடுப்பைப் பார்க்கவே மாட்டாள். வாசனையை வைத்தே வெளியில் எடுப்பாள்.

அவர் கருகலைச் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டார். பயந்திருக்கிறார். தங்கையிடம் கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.


ஏப்ரல் 4, வெள்ளி

இனி என் வழி.

பேக்கரிக்குப் போன் செய்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஒரு பெரிய அலுவலகத்தின் மேலதிகாரி மாதிரி. "எங்க தலைமைக் கணக்கர் ரிட்டயர் ஆகறார். நாளைக்கு ஒரு கேக் வேணும். அதுல எழுதறதுக்குச் சொல்றேன், குறிச்சிக்குங்க: பணி ஓய்வு பெறும் எங்கள் மதிப்பிற்குரிய தலைமைக் கணக்கர் அவர்கள் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ்க."

அந்தப் பக்கம் தாளைத் திருப்புகிற சத்தம் கேட்டது.

"அவ்வளவும் எழுதணுமா?" என்றாள். குரல் மெலிந்திருந்தது. சின்னதாக.

"ஒரு எழுத்து குறையக் கூடாது."

"எழுதிடலாம். கொஞ்சம் ஜலதோஷமா உங்களுக்கு?"

"இல்ல, பரம்பரைக் குரல்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.


ஏப்ரல் 5, சனி

என் மாணவர்களில் ஓர் ஆடிட்டர் இருக்கிறார். பெரிய கம்பெனிகளையே கலங்கவைக்கிறவர். ரிவர்ஸ் கியரைப் பார்த்தால் மட்டும் கலங்குவார். "இன்னிக்கு பார்க்கிங் பயிற்சி" என்று சொல்லி வண்டியை அந்தத் தெருவுக்கு ஓட்டவைத்தேன். பேக்கரி வாசலில் ஒரு பூந்தொட்டியை மட்டுமே இடித்து அழகாக நிறுத்தினார். உள்ளே போய்ப் பெட்டியை வாங்கிவரச் சொன்னேன். இதுவும் பயிற்சியில் உண்டா என்று கேட்டார். ஓட்டுநர் எல்லாச் சூழ்நிலைக்கும் தயாராக இருக்க வேண்டும் என்றேன்.

அவரை இறக்கிவிட்டு, வண்டிக்குள்ளேயே மூடியைத் திறந்தேன்.

"பணி" கட்டைவிரல் பருமனுக்கு இருந்தது. "மதிப்பிற்குரிய" சுண்டுவிரல். "கணக்கர்" அரிசி. "நீடூழி" எறும்பு. "வாழ்க" – நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் படித்தேன். இடம் போதாமல் சிறுத்ததா என்று பார்த்தால், கேக்கில் பாதி இடம் வெறுமையாகக் கிடந்தது.

கல்யாண நாள் கேக்கின் எழுத்து எனக்கு மனப்பாடம். மூன்று வருடமாக அதைத்தானே நினைத்து நினைத்து வயிறு எரிந்தேன். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒரே உயரம். ஸ்கேல் வைத்த மாதிரி.

கேக்கைத் தொடவில்லை. வீட்டுக்காரரிடம் காட்டினேன். பார்த்தார். கை கழுவப் போனவர், ஒரே டம்ளரைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றார். நான் போய்க் குழாயை மூடினேன்.


ஏப்ரல் 7, திங்கள்

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

எதிரே வந்தாள். வானத்தைப் பார்த்தாள். நான் அவளைத் தாண்டிப் போனேன், நின்றேன், யூ டர்ன் அடித்தேன். அவளுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்து நடந்தேன்.

அவள் வேகத்தைக் கூட்டினாள். நானும் கூட்டினேன்.

"கூட வராதீங்க" என்றாள், முன்னால் பார்த்தபடியே.

"பாதை பொது."

"அப்போ பேசாம வாங்க."

"நீதான் முதல்ல பேசினே" என்றேன். நான் என்ன பிறவி! அந்த நேரத்திலும் கணக்கு வைக்கிறேன்.

அவள் நின்றாள். "அண்ணி, என்னதான் வேணும் உங்களுக்கு? தினமும் என்னை மேலயும் கீழயும் பாக்கறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"வலது கையை வீசி நட."

"என்னது?"

"நடந்து காட்டு. ரெண்டு கையும் வீசி."

"என் கை, என் இஷ்டம்!"

"உன் இஷ்டமா அது? நிஜமா சொல்லு. உன் இஷ்டத்துக்கு அது வருதா?"

அவள் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள், தொலைந்துபோன குழந்தையைப் பிடிக்கிற மாதிரி. பக்கத்தில் இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"சட்டைப் பொத்தான் போட முடியல. அதான் இந்த ஊதா சட்டை, ஜிப் வெச்சது. ஐசிங் பையை அழுத்தி அழுத்தித் தோள் பிடிச்சிருக்குன்னு நெனச்சேன். நடந்தா சரியாயிடும்னு வந்தேன். வெண்ணிலா பாட்டிலைத் திறந்து மூக்குக்கிட்ட வெச்சா தண்ணி மாதிரி இருக்கு அண்ணி. ஒரு வாசனையும் இல்ல. வீட்டுல யாருகிட்டயும் சொல்லல. சொன்னா நிஜமாயிடும்ல?"

"உன் புருஷன் கவனிக்கலையா?"

"அவர் அடுப்பைக் கவனிக்கவே நேரம் சரியா இருக்கு. யாருமே கவனிக்கலன்னு நெனச்சேன்." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க கவனிப்பீங்கன்னு நெனக்கவே இல்ல."

"உன்னை நடிச்சுக் காட்டும்போதுதான் தெரிஞ்சது" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"என்னை நடிச்சுக் காட்டினீங்களா?"

"உங்க அண்ணனுக்கு மட்டும்."

முறைத்தாள். அப்புறம் என்ன தோன்றியதோ, "நல்லா இருந்ததா?" என்றாள்.

"பிரமாதம்."

அழுகையும் சிரிப்பும் ஒரே மூச்சில் வந்து, விக்கிவிட்டாள். முதுகைத் தட்டினேன். கொஞ்சம் பலமாகவே.

"அந்தத் தலைமைக் கணக்கர் யாரு?" என்றாள்.

"எந்தக் கணக்கர்?"

"பரம்பரைக் குரல். அண்ணி, மூணு வருஷமா கேக்காத குரல். மூக்கைப் பிடிச்சுக்கிட்டா தெரியாதா? எதுக்குடா கூப்பிடறாங்கன்னு புரியல. ஆனா போனை வைக்கவே மனசு வரல."

"முதல்ல டாக்டர்கிட்ட கையைக் காட்டு" என்றேன்.


ஏப்ரல் 9, புதன்

அவள் வரவில்லை. நான் தனியாக நடந்தேன். எதிரே யாரும் வராத பாதை என்ன பாதை!


ஏப்ரல் 11, வெள்ளி

வாசலில் வந்து நின்றாள். மூன்று வருடத்துக்குப் பிறகு எங்கள் வாசல் மணியை அவள் அடிக்கிறாள். "நரம்பு டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன். எங்க வீட்டுக்காரரால அடுப்பை விட்டு வர முடியாதாம். ஆட்டோ கிடைக்குமான்னு தெரியல."

ஆட்டோ ஸ்டாண்டே அவள் கடைக்கு எதிரில்தான் இருக்கிறது. நான் கார் சாவியை எடுத்தேன்.


ஏப்ரல் 15, செவ்வாய்

டிரைவிங் ஸ்கூல் காரில் போனோம். கூரைமேல் "பயிற்சி வாகனம், விலகிச் செல்லவும்" பலகை. "நமக்குப் பொருத்தமா இருக்கு" என்றாள். போகிற வழியெல்லாம் என் ஓட்டத்தில் குறை கண்டுபிடித்தாள். லைசென்ஸே இல்லாதவள்! பயத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். இரண்டு முறை மட்டும் பதில் சொன்னேன். சரி, ஐந்து முறை.

டாக்டர் இளம்பெண். விரலைத் தட்டச் சொன்னார், கையைத் திறந்து மூடச் சொன்னார், வராந்தாவில் நடக்கச் சொன்னார், ஒரு தாளில் ஏதாவது எழுதச் சொன்னார். நாத்தனார் எழுதினாள். "ஒரு டஜன் பன்" என்று ஆரம்பித்துப் "பன்" வரும்போது புள்ளியாகிவிட்டது.

பார்க்கின்சன் என்றார். ஆரம்ப நிலை என்றார். போகாது, ஆனால் மாத்திரையாலும் பயிற்சியாலும் நெடுநாள் கட்டுக்குள் வைத்திருக்கலாம் என்றார். நாத்தனார் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், கேக் ஆர்டர் எடுக்கிற மாதிரி.

"கை நடுக்கமே இன்னும் இல்ல. இவ்வளவு சீக்கிரமா எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் என்னைக் காட்டினாள். "இவங்களுக்கும் எனக்கும் ஆகாது. அதான் நல்லா கவனிச்சிருக்காங்க."

காரில் ஏறியதும் அவள் சீட் பெல்ட்டை இடது கையால் இழுத்து மாட்டினாள். பிறகு அவள் சொன்னாள்: "எழுத்துதான் அண்ணி. வேற எது போனாலும் பரவால்ல. எழுத்து எனக்கு நல்லா வரும்."

நான் சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினேன். எனக்கு வாய் அடைத்துப்போன நாள் என்று குறித்துவைக்கிறேன்.

வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டதும், அவள் குடியிருக்கிற பேக்கரி மாடிக்கு ஓடினாராம். படியில். மூச்சு வாங்க நின்றாராம். அவள் சொல்லித்தான் தெரியும்.


ஏப்ரல் 28, திங்கள்

உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோ பையன் வாட்டசாட்டமாக இருக்கிறான், பேச்சு மட்டும் கறார். "அம்மா, உங்க உடம்பு தானா நடக்கறத மறந்துட்டு வருது. அதனால ஒவ்வொரு அடியையும் நீங்க நெனச்சு வைக்கணும். பெரிய அடி. பெரிய கை வீச்சு. குதிகால் முதல்ல. கவனம் போச்சுன்னா அடி சிறுத்துடும்."

எனக்குச் சிலிர்த்தது. பஞ்சுக்குரலாரும் இதையேதான் சொன்னார், நான் கேலி பண்ணினேன். எனக்கு அது மன நிம்மதி. கிடைக்காவிட்டால் ஒரு நாள் காரில் தூங்கிக்கொள்ளலாம். இவளுக்கு அப்படி இல்லை.

"இன்னொண்ணு," என்றான் பையன். "குரலும் சிறுக்கும். சத்தமா பேசிப் பழகணும். வீட்டுல சத்தமா பேச ஆள் இருக்காங்களா?"

நாத்தனார் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இருக்காங்க" என்றாள்.


மே 8, வியாழன்

என் டாக்டரிடம் போனேன். கருவியைத் தட்டவில்லை. "யாரையும் திட்டாம நடக்கறீங்க போலிருக்கே!" என்றார். நான் சும்மா சிரித்துவைத்தேன். உண்மையைச் சொன்னால் மனிதருக்கு மருத்துவத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.


மே 25, ஞாயிறு

மோசமான நாள். அவள் பாதிச் சுற்றில் நின்றுவிட்டாள். கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி. மாத்திரை போட மறந்திருக்கிறாள். "நீங்க போங்க அண்ணி, நான் வர்றேன்" என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் போகவில்லை. அவள் காலுக்கு முன்னால் என் படகு ஷூவைக் குறுக்கே வைத்தேன். "தாண்டு."

"விழுந்துடுவேன்."

"விழுந்தா தூக்கறேன். தாண்டு."

தாண்டினாள். அடுத்ததற்கு வைத்தேன். தாண்டினாள். ஏழெட்டு முறை இப்படி நொண்டியாட்டம் ஆடியதும் கால் தானாக வந்துவிட்டது. பிசியோ பையனிடம் போனில் சொன்னேன். அது சரியான வழிதான் என்றான். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டான். யாரும் இல்லை. கிளச்சில் கால் விறைத்துப் போகிறவர்களுக்கு நான் வேறு எதையாவது செய்யச் சொல்லுவேன். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து குளியலறையில் கொஞ்சம் அழுதேன். அவர் கதவைத் தட்டவில்லை. வெளியே வந்தபோது தேநீர் இருந்தது.


ஜூன் 10, செவ்வாய்

மாத்திரை வேலை செய்கிறது. இன்று "வாழ்த்துகள்" என்று ஒரே சொல்லை ஒரு கேக்கில் எழுதினாளாம். ஒவ்வொரு எழுத்துக்கும் வாய்விட்டு "பெருசா!" என்று கத்திக்கொண்டே. வாடிக்கையாளர் பயந்து இரண்டு அடி பின்னால் போய்விட்டாராம்.


ஜூன் 22, ஞாயிறு

இன்று நடைபாதையில் பூங்காக் காவலாளி எங்களை நிறுத்தினார். பாவம், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தொப்பியை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கம்ப்ளெயின்ட் வந்திருக்கு. காலையில அமைதியா நடக்க வர்றவங்க இருக்காங்க. ரெண்டு லேடீஸ் தினமும் கத்தி சண்டை போட்டுக்கிட்டே போறாங்கன்னு..."

"சண்டையா? யாரு சண்டை போட்டா?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். ஏரியில் ஏதோ ஒன்று படபடவென்று எழுந்து பறந்தது.

அவர் ஓரடி பின்வாங்கினார். "அதான் மேடம். உங்களை இந்தப் பாதைக்கு வரவேணாம்னு சொல்லல. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கமா, எதிரெதிரா நடந்தா..."

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"அதெல்லாம் செஞ்சு பாத்தாச்சுங்க" என்றாள் காவலாளியிடம். பிசியோ பையன் சொல்லிக்கொடுத்த முழுக் குரலில். பிறகு வலது கையை ஒரு வீசு வீசினாள். அவர் விலகி வழிவிட்டார்.